'பிசியோதெரபி அட்வைஸ்ட்': டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பதினான்கு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பிசியோ மேடம்" என்பார்கள். வயதான அம்மாக்களுக்கு நான் "கரண்ட் வைக்கிற பாப்பா". காலையில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பேன், மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் என் சிறிய கிளினிக்கில் இருப்பேன். நரம்பியல், எலும்பு, பொது மருத்துவம், மகப்பேறு என்று நீங்கள் எந்தத் துறையில் இருந்தாலும் சரி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கடைசித் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் என்றால் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். அந்தத் தாளில் இருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு தையல்காரரை அவர் மனைவியும் மைத்துனரும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வயது ஐம்பத்திரண்டு. வலது பக்கம் வாதம். பேச்சுக்குப் பாதிப்பில்லை, நினைவும் தெளிவாக இருந்தது. அந்த அக்கா ஒயர் கூடையிலிருந்து ஃபைலை எடுத்து நீட்டினார். சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மருந்துக் கடை பில் எல்லாம் ஒரு தாள்கூடக் கசங்காமல் அடுக்கி வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம். சேர்த்த அன்று ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மூளையில் எந்த இடத்தில் அடைப்பு, எந்த மருந்து எத்தனை வேளை, எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் மறுபடி வர வேண்டிய தேதிக்கும் நடுவில் இரண்டே சொல்: "பிசியோதெரபி அட்வைஸ்ட்." பிசியோதெரபி எடுக்கும்படி சொல்லப்பட்டது என்று அர்த்தம்.

டிஸ்சார்ஜ் தேதியைப் பார்த்தேன். அன்றோடு எழுபத்துநான்கு நாள்.

அவர் வலது கையை மடியில் போட்டு, இடது கையால் அதை மூடி வைத்திருந்தார். விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கையில் நான்கு நகத்தின் தடமும் புண்ணாகப் பதிந்திருந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தால், தோள்பட்டை எலும்பின் முனைக்குக் கீழே என் விரல் ஒன்று படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம். கையை மெல்ல உயர்த்தினேன், நாற்பது டிகிரி தாண்டுவதற்குள் கத்திவிட்டார். பாதம் கீழ்நோக்கித் தொங்கி, குதிகால் தசைநாண் கம்பி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

"இத்தனை நாள் ஏன்க்கா கூட்டிட்டு வரல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்த அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "வரச்சொல்லி யாரும் சொல்லலியே மேடம். மாத்திரை தீந்தா வாங்கன்னாங்க. ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டோம்." அந்த இரண்டு சொல்லை வீட்டில் ஒரே ஆள்தான் படித்திருக்கிறாள், பத்தாவது படிக்கும் மகள். 'அட்வைஸ்ட்' என்று இருந்ததால், சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று அவள் புரிந்துகொண்டாள். வார்டில் ஒருநாள் யாரோ வந்து கையைத் தூக்கி இறக்கிக் காட்டினார்கள் அல்லவா, அதுதான் இது, முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்து அந்தப் பெண் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

அந்த எழுபத்துநான்கு நாளும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் தடவியிருக்கிறார்கள், தொடர்ந்து மூன்று வாரம். அதற்காகக் கடன் வாங்கிப் புறா வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து தைலம் வந்திருக்கிறது. காலையில் எழுப்பி உட்கார வைக்க, சாப்பிட வைக்க, பாத்ரூமுக்குக் கூட்டிப் போக, மைத்துனர் அந்த வலது கையைப் பிடித்துத்தான் இழுத்துத் தூக்கியிருக்கிறார். தினமும் ஐந்தாறு முறை. எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டார் என்பதை நான் நேரில் பார்த்தேன். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அது எந்த மருத்துவமனை என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. இதே வரியை நான் எல்லா ஊர் மருத்துவமனைகளின் தாளிலும் பார்த்திருக்கிறேன். அந்தத் தையல்காரர் உயிரோடு என் கிளினிக் வாசலில் வந்து இறங்கியதே உங்களால்தான். அந்த இரவில் அவரைப் பார்த்தவர்கள் சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் தோளில் நடந்தது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை நோயாளிகளின் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். தோள் மூட்டு ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்த பந்து மாதிரி. அதை இடத்தில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுற்றியிருக்கும் தசைகள்தான். வாதம் வந்ததும் முதல் நாட்களில் அந்தத் தசைகள் துவண்டுவிடுகின்றன. கையின் எடை முழுவதும் மூட்டில் தொங்குகிறது, பந்து மெல்லக் கீழே இறங்குகிறது. அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தால் உள்ளே சவ்வும் தசைநாணும் காயப்படும். வலிக்கும். வலித்தால் அசைக்க மாட்டார். அசைக்காவிட்டால் மூட்டு இறுகும். இதற்கு நடுவில், துவண்டு கிடந்த தசைகள் சில வாரங்களில் எதிர்ப்பக்கம் போய் இறுக ஆரம்பிக்கும். விரல் மடங்கும், முழங்கை மடங்கும், பாதம் கீழே இழுக்கும். இதில் பெரும்பகுதியைத் தடுக்க வேண்டியது ஆரம்ப வாரங்களில்தான். படுக்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை, உட்காரும்போது கையைத் தாங்க ஒரு பலகை, பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு ஸ்பிளிண்ட், தூக்கும்போது இடுப்பைப் பிடித்துத் தூக்குவது. வீட்டாருக்கு இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு நாற்பது நிமிடம் போதும். எழுபத்துநான்காவது நாளில் வந்தால் அதே தோளுக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது, அப்போதும் முழுசாகத் திரும்புவதில்லை.

மூளைக்கும் ஒரு காலம் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு இழந்த அசைவுகள் திரும்பி வருவது முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடக்கும். அப்புறமும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாகத்தான். அந்த மூன்று மாதத்தில் அவருக்குப் போன இரண்டரை மாதத்தை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, சீக்கிரம் ஆரம்பித்தால் போதுமா? அதுவும் இல்லை. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த அவெர்ட் ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 5 நாடுகளில் 56 மருத்துவமனைகள், 2,104 பக்கவாத நோயாளிகள். வாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து எழுப்பி, அதிக நேரம் நடமாட வைத்த பிரிவில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவைவிடக் குறைவாகவே இருந்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களையே யோசிக்க வைத்த முடிவு இது. உடற்பயிற்சிக்கும் டோஸ் உண்டு. எப்போது ஆரம்பிப்பது, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது "ஆன்டிபயாடிக் அட்வைஸ்ட்" என்று மட்டும் எழுதி அனுப்புவீர்களா? எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதுவீர்கள். மருந்துக் கடைக்காரர் அதைப் படித்துக் கொடுப்பார். எங்கள் சிகிச்சைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர் எல்லோரையும் வரிசையாகப் படுக்க வைத்து, வலிக்குக் கரண்ட் வைக்கும் ஐஎஃப்டி மெஷினைப் பத்து நிமிடம் வைத்து, மேலே ஒரு ஹாட் பேக் போட்டு, காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. மூன்று மாதம் கரண்ட் வைத்தும் ஒரு உடற்பயிற்சிகூடக் கற்றுக்கொள்ளாத முழங்கால் வலிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். மெஷின் கொஞ்ச நேரம் வலியைக் குறைக்கும். தசையைப் பலப்படுத்துவதும், நடையைத் திருத்துவதும், எப்படிக் குனிவது, எப்படி மாடிப்படி ஏறுவது என்று பழக்குவதும்தான் சிகிச்சை. உங்களில் சிலர் எங்களை மசாஜ் ஆட்களாக நினைப்பதற்கு எங்கள் ஆட்கள் சிலரும் காரணம். அதை நாங்கள்தான் திருத்த வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கரை வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், நரம்பியல், இதயநோய், எலும்பியல் என்று படித்துவிட்டு வெளியே வந்தவர்கள் நாங்கள். படித்ததைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்தக் குற்றம் எங்களுடையது.

பிசியோக்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா கூடாதா என்று 2025 செப்டம்பரில் நடந்த சண்டையை எல்லோரும் பார்த்தோம். போடக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, உடனே திரும்பப் பெறப்பட்டது. வாட்சாப் குழுக்களில் இரண்டு பக்கமும் பேசிய பேச்சு மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் எங்கள் தொழிலுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. மற்றது பேசித் தீரட்டும். நான் கேட்பது அந்தத் தாளில் இன்னும் நான்கைந்து வரி.

நாம் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். வேலூரில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். நரம்பு செத்துப்போனதால் செயலிழந்த கட்டைவிரலுக்கு, மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த தசைநாணை மாற்றித் தைக்கும் அறுவை உண்டு. தைத்தால் மட்டும் கட்டைவிரல் அசைந்துவிடாது. மூளைக்கு அது இன்னும் மோதிர விரலின் நாண்தான். கட்டு பிரித்த பிறகு, "மோதிர விரலை மடக்குங்கள்" என்று சொல்ல, நோயாளி அதை நினைத்து மடக்க, கட்டைவிரல் அசையும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கட்டைவிரலின் அசைவாகவே மூளை ஏற்றுக்கொள்ளும்படி வாரக்கணக்கில் உட்கார்ந்து பழக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் அவ்வளவு நுணுக்கமான அறுவை சிகிச்சையும் வீண்தான்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் உருவானது அவரால்தான். ஒரு சர்ஜனாக இருந்தவர் அவர். அறுவைக்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்பது அவருக்குத் தன் உடம்பிலிருந்தே தெரிந்திருந்தது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலையை அந்த அமைப்பு சுற்றுக் கிராமங்களில் செய்கிறது. என் தோழி ஒருத்தி அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறாள். ஒரு குழந்தை ஒன்பது மாதத்தில் வந்தால் என்ன செய்ய முடியும், ஆறு வயதில் வந்தால் என்ன செய்ய முடியும் என்று அவள் சொல்லும்போது எனக்குத் தையல்காரர் ஞாபகம்தான் வரும்.

பக்கவாதம் ஒன்றை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறேன். வேறு வார்டுகளிலும் இதே கதைதான். ஐசியுவில் சளி கட்டிய நெஞ்சுக்கு, பைபாஸ் முடிந்தவருக்கு, மார்பக அறுவைக்குப் பின் கை வீங்கும் பெண்ணுக்கு எல்லாம் எங்கள் வேலை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். தலைவார முடியாமல் போன பிறகுதான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறார்கள். வயதானவர்கள் கீழே விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2019-இல் 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வெளியிட்ட தொகுப்பு, உடற்பயிற்சியால் விழுவது 23 விழுக்காடு குறைகிறது என்கிறது. இடுப்பு எலும்பு உடைந்த பிறகு பிளேட் வைப்பதைவிட, விழும் முன்பே ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குவது எவ்வளவோ சுலபம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முதுகுவலி என்று வந்த ஓர் அக்கா. மூன்று பிள்ளை பெற்றவர், நூற்பு மில்லில் வேலை. நான்காவது நாள், கிளினிக்கில் வேறு யாரும் இல்லாதபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இருமினால், தும்மினால், கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடுகிறதாம். பதினொரு வருடமாக. ஷிப்டுக்கு இரண்டு உள்பாவாடை மாற்றுகிறார். நாற்றம் அடித்துவிடுமோ என்று கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். "பிள்ளை பெத்தா எல்லாருக்கும் இப்படித்தானாமே" என்றார். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை முறையாகக் கற்றுக்கொடுத்து மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தேன். முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இப்போது மாற்று உள்பாவாடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதில்லை. மகப்பேறு டாக்டர்களே, பிரசவம் முடிந்து ஆறாவது வாரம் வரும்போது தையலையும் குழந்தையின் எடையையும் பார்க்கிறீர்கள். "இருமினால் கசிகிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே பிசியோதெரபியும் போகிறது. படுக்கையில் கிடப்பவரின் வீட்டு வாசலில் அரசு வண்டி வந்து நிற்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகளின் விருதும் கிடைத்தது. அதே 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. எத்தனை குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கும்!

ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் அந்தப் பிசியோ, வட்டாரத்துக்கு ஒருவர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 3.72 கோடிப் பேர். நானூறுக்குச் சற்றுக் குறைவான வட்டாரங்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்று வருகிறது. அவர் ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்க முடியும்? அதைவிட எனக்கு வருத்தம் எதில் என்றால், பெரிய மருத்துவமனையில் இருந்து வாதக்காரர் ஒருவர் இந்த ஊருக்கு வந்துவிட்டார் என்ற தகவலே அவருக்குப் போய்ச் சேராமல் போகிறது. தையல்காரரின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, அந்த எழுபத்துநான்கு நாளில் பலமுறை வண்டி வந்து போயிருக்கிறது. இந்த வீட்டில் ஓர் ஆள் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு வண்டி இருப்பது இவர்களுக்கும் தெரியாது. சுகாதாரத் துறையில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கவுன்ட்டரையும் அந்த வட்டாரப் பிசியோவையும் இணைக்கும் வழியைச் செய்து கொடுங்கள். ஒரு போன் அழைப்பு போதும், இல்லை ஒரு குறுஞ்செய்தி. அப்புறம் வட்டாரத்துக்கு ஒருவர் என்பதை இரண்டு பேராவது ஆக்குங்கள்.

உலகம் முழுக்க இந்தக் குறை இருக்கிறது. மறுவாழ்வுச் சிகிச்சையால் பலன் பெறக்கூடியவர்கள் 240 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 மே மாதம் நடந்த உலக சுகாதாரப் பேரவையில் இதற்காகவே ஒரு தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் நல்லதுதான். எனக்கு என் ஊருக்குத் திரும்பி வருகிறவரின் ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நல்லபடி எழுதுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். எலும்பு முறிவு டாக்டர் ஒருவர், அவர் பெயரைச் சொன்னால் சங்கடப்படுவார், முழங்கால் மாற்று அறுவை செய்த நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்வார். இரண்டு நிமிடம். சம்மரியோடு தனியாக ஒரு சின்னத் தாள் இணைத்திருப்பார், தமிழில். அதில் இப்படி இருக்கும்: 'முழு எடையும் ஊன்றலாம். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்க வேண்டும். காலுக்கு அடியில் தலையணை வைத்து முழங்காலை மடக்கியபடி தூங்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே எனக்குப் போன்.' கீழே அவர் நம்பர், என் நம்பர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு தாளோடு வந்த அம்மா ஒருவரை ஒன்பதாவது நாள் பார்க்கப் போனேன். முழங்கால் நன்றாக மடங்குகிறது, வலியும் குறைந்திருக்கிறது. ஆனால் அறுவை செய்த காலின் கெண்டை அடுத்த காலைவிடத் தடித்துத் தெரிந்தது. தொட்டால் சூடு. "நேத்து ரொம்ப நேரம் காலைத் தொங்கப்போட்டு உக்காந்துட்டேன் தாயி, அதான்" என்றார். டேப்பை எடுத்து அளந்தேன். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அன்றைக்குப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன், உடனே கூட்டிவரச் சொன்னார். டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி இருந்தது. அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். அந்த அம்மா இப்போது சந்தைக்கு நடந்தே போய் வருகிறார். அறுவை முடிந்த பிறகு நீங்கள் நோயாளியை வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பீர்கள். நாங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அவர்கள் படுக்கும் கட்டிலிலேயே, உடம்பைத் தொட்டுப் பார்க்கிறோம். முதுகுவலி என்று வந்தவரிடம் ராத்திரி வலியும் எடை குறைவும் இருப்பதைக் கண்டு, பயிற்சி கொடுக்காமல் உங்களிடமே திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. அந்தக் கண்களை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாக, எந்தத் தேதிக்குள் பிசியோவைப் பார்க்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை முறை, எதுவரை, எதைச் செய்யக் கூடாது என்று எழுதுங்கள். வீட்டார் படிப்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். ஓபியில் நூறு பேர் நிற்கும்போது யாருக்குத்தான் நேரம் இருக்கும்? உங்கள் மருத்துவமனையிலேயே பிசியோ இருந்தால் அந்தப் பகுதியை அவர் எழுதட்டும், நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். காலை ரவுண்ட்ஸில் அவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், தூக்கி உட்கார வைக்கப்போகிறவர் மைத்துனரோ மருமகளோ, அவர்களை ஒருமுறை கட்டில் பக்கத்தில் நிறுத்தி, எப்படித் தூக்குவது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். பிசியோ இல்லாத மருத்துவமனை என்றால், நோயாளியின் ஊரில் யார் இருக்கிறார், அரசு வண்டி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருகிறது என்று ஒரு நம்பராவது எழுதிக் கொடுங்கள்.

தையல்காரர் அண்ணன் இன்னும் என்னிடம்தான் வருகிறார். தோள் இப்போது தொண்ணூறு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக உயர்கிறது. ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு தெருமுனை வரை தனியாக நடக்கிறார். முதல் நாள் என்னிடம் அவர் கேட்ட கேள்வி, "கத்திரி பிடிக்க முடியுமா மேடம்?" என்பது. வலது கையால் இன்றுவரை முடியவில்லை. துணியைப் பலகையில் விரித்து, வலது கையை அதன் மேல் அசையாமல் வைத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் வெட்டப் பழகியிருக்கிறார். அதற்கென்று இடது கைக் கத்திரி ஒன்றை மதுரையில் தேடி வாங்கி வந்தார்கள். அக்கா மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார். போன வாரம் எனக்கு ஒரு ஜாக்கெட் வெட்டிக் கொடுத்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் யாரையாவது வீட்டுக்கு அனுப்பினால் முந்தின நாளே சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன், அதற்குள் தெரிந்தால் அன்றைக்கே அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வருவேன்.

அன்புடன்,
ஓர் இயன்முறை மருத்துவர்,
திண்டுக்கல் மாவட்டம்